ஒரே ஊர், ஒரே சனம், புதுப் பகிடி: வன்னியில் மேடை ஏற நினைப்பவர்களுக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு ஸ்டாண்ட்-அப், அதாவது மேடையில் தனியாளாக நின்று பகிடி சொல்வது, செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 113,000 பேர். முல்லைத்தீவில் 100,000-க்கும் குறைவு. இதில் கோயில் திருவிழா, கழக ஆண்டு விழா, பாடசாலை நிகழ்ச்சி என்று வந்து கதிரையில் இருக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நியூயோர்க்கில் இருக்கிற ஒருவர் ஒரே இரவில் இரண்டு மூன்று கிளப்புகளுக்குப் போய், ஒரே பத்து நிமிடத்தை வேறு வேறு கூட்டத்துக்குச் சொல்லலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பரந்தனில் சொன்ன பகிடி, நீங்கள் மாங்குளம் போய்ச் சேர முதலே வட்ஸ்அப்பில் அங்கே போய்விடும். கலியாண வீட்டில் விழுந்து விழுந்து சிரித்த அதே சித்தப்பா, அடுத்த கிழமை பரிசளிப்பு விழாவில் பெற்றோர் வரிசையில் இருப்பார். நீங்கள் வாயைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு முடிவைச் சொல்லியும் விடுவார்.

வெளிநாட்டுக் கலைஞர்களுக்குப் பத்து வருடம் கழித்து வருகிற சிக்கல் இங்கே இரண்டாவது மேடையிலேயே வந்துவிடுகிறது. அதனால் நாற்பது, ஐம்பது வருடம் நின்றுபிடித்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது எங்களுக்கு முதல் நாளே வேண்டிய பாடம். அவர்களைப் பற்றி வாசித்தும் பார்த்தும் எனக்குப் பட்டது இதுதான்: புதுப் பகிடி எழுதுகிற கெட்டித்தனம் கனபேருக்கு உண்டு. நன்றாக ஓடுகிற பகிடியைத் தாங்களாகவே நிறுத்துகிற மனம் சிலருக்குத்தான் இருந்திருக்கிறது. நீண்ட காலம் நின்றவர்கள் அந்தச் சிலர்தான்.

எங்கள் ஊரில் முன்பே செய்தவர்கள்

கொமடி கிளப் என்று பலகை போட்ட இடம் எதையும் நான் வன்னியில் கண்டதில்லை. அதற்காக இது இறக்குமதிச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். இசை நாடகத்தில் பபூன் வருகிறபோது என்ன நடக்கிறது? அரிச்சந்திரன் கதை எல்லோருக்கும் மனப்பாடம். யார் சாவார், யார் அழுவார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பபூன் அன்று என்ன சொல்லப்போகிறார் என்பது மட்டும் தெரியாது. அவர் பின்னேரமே ஊருக்குள் வந்து, தேத்தண்ணிக் கடையில் இருந்து, யாருடைய மாடு யாருடைய வயலுக்குள் போனது என்று கேட்டு வைத்திருப்பார். இரவு அது மேடைக்கு வரும். வில்லிசையும் அப்படியே. வடக்கு முழுக்க அறியப்பட்ட வில்லிசைக் கலைஞர் சின்னமணி திரும்பத் திரும்பச் சொன்னது சனத்துக்குத் தெரிந்த கதைகளைத்தான். கதைக்கு நடுவில் அவர் எங்கே பிரிந்து போகிறார் என்பதைப் பார்க்கத்தான் சனம் விடிய விடிய இருந்தது.

வானொலியில் ‘கோமாளிகள்’ குழு இன்னொரு வழியைக் காட்டியது. மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால், அப்துல் ஹமீத் நான்கு பேரும் ஆளுக்கொரு பேச்சு வழக்கை வைத்திருந்தார்கள். பாத்திரம் மாறாது, அது மாட்டிக்கொள்கிற இடம் மட்டும் மாறும். இதைக் கவனித்து வையுங்கள். உங்களுடைய ஒரு குணம், உதாரணமாக எதையும் சந்தேகப்படுகிற குணம், நிலையாக இருந்தால் அதை வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண் பார்க்கிற வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு இடத்திலும் அதுவே புதிதாக ஒன்றைச் சொல்லித் தரும்.

சேர்த்து வைப்பது

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். போனில் எழுதலாமே என்றால் எழுதலாம், ஆனால் போனில் எழுதியதைத் திருப்பிப் பார்க்கிற ஆட்கள் குறைவு. ஃபிலிஸ் டில்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஐந்து பிள்ளைகளின் தாயாக இருந்து, 37 வயதில், 1955 இல்தான் முதல் மேடை ஏறினார். பகிடிகளைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, தலைப்பு வாரியாக இழுப்பறைகளில் அடுக்கினார். 2003 இல் அந்த அலுமாரியை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது உள்ளே 52,000-க்கும் மேற்பட்ட அட்டைகள் இருந்தன. அமெரிக்காவின் மற்றப் பெரிய ஸ்டாண்ட்-அப் கலைஞர்களில் ஜோன் ரிவர்ஸும் இதே மாதிரி அட்டை அலுமாரி வைத்திருந்தவர். ஜெரி சைன்ஃபெல்ட் மஞ்சள் தாளில் பேனையால் எழுதுகிறவர். ஜோர்ஜ் கார்லின் துண்டுக் கடதாசிகளில் எழுதிக் கோப்புகளில் போட்டு வைத்தார்.

இத்தனை அட்டை எதற்கு? எழுதுவதில் பெரும்பகுதி உதவாது என்று அவர்களுக்குத் தெரியும். கொப்பியில் பகிடியாக எழுத முயலவேண்டாம். உங்களுக்கு எரிச்சல் தந்தது, வெட்கப்பட வைத்தது, விளங்காமல் போனது, இந்த மூன்றையும் எழுதுங்கள். ‘கிராம சேவகர் அலுவலகத்தில் படிவம் நிரப்பப் பேனை கேட்டேன், எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள், ஒருவரிடமும் பேனை இல்லை’ என்பது போதும். சிரிப்பு பிறகு வரும், அல்லது வராது. தேதியையும் இடத்தையும் கட்டாயம் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து வாசிக்கும்போது அந்த இடமே மிச்சத்தை ஞாபகப்படுத்தும்.

வட்ஸ்அப்பில் சுற்றுகிற துணுக்கையும் தமிழ்ப் படங்களில் வடிவேலு பேசியதையும் கொப்பிக்குள் விடவேண்டாம். புதிதாக வருகிற தம்பிமார் கனபேர் இங்கேதான் தொடங்குகிறார்கள். அதோடு சென்னைத் தமிழும் வந்து ஒட்டிக்கொள்கிறது. முன்னால் இருக்கிறவர்கள் அந்தப் படத்தை உங்களைவிட அதிக தடவை பார்த்தவர்கள். ‘என்னடாப்பா, ஆளைக் காணக் கிடைக்கேல்லை’ என்று உங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரியே மேடையிலும் கதையுங்கள். அந்தத் தமிழில் சொல்லப்பட வேண்டிய பகிடிகள் இன்னும் எவ்வளவோ மிச்சம் கிடக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குத் தமிழ்நாட்டுக் கலைஞர்களைவிட இடம் அதிகம்.

முதலில் வருவதைத் தள்ளிவிடுவது

ஒரு விஷயத்தைப் பற்றி உங்களுக்கு முதலில் தோன்றுவது எல்லோருக்கும் தோன்றும். ஏ9 வீதியில் போகிற எவரும் முறிகண்டிப் பிள்ளையாரில் நிற்பார்கள். தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள், கச்சான் வாங்குவார்கள். இதை வைத்து ஐந்து நிமிடம் எழுதச் சொன்னால் என்ன வரும்? கச்சான் விலை கூடிப்போன பகிடி வரும். கும்பிடாமல் போன பஸ் ஓமந்தையில் பழுதாகி நின்ற பகிடி வரும். கும்பிட இறங்கியவர்கள் கோயிலைவிட மலசலகூடத்துக்குத்தான் அவசரமாக ஓடுகிறார்கள் என்று வரும். மூன்றும் மோசமில்லை. மூன்றையும் கொப்பியில் எழுதிக் கோடு கீறிவிடுங்கள்.

இனி பஸ்ஸுக்குள் இருங்கள். யன்னல் பக்கத்து ஆசனம் போய்விடும் என்ற பயத்தில் இறங்காமல் இருக்கிற ஒருவரைப் பாருங்கள். பக்கத்து ஆசனக்காரரிடம் இருபது ரூபாயைக் கொடுத்து ‘தம்பி, எனக்கும் சேர்த்துக் கும்பிட்டு வா’ என்கிறார். இப்போது கேள்விகள் பிறக்கின்றன. அந்த இருபது ரூபாய்க்குப் பிள்ளையார் யாருக்குப் பற்றுச்சீட்டு எழுதுவார்? தம்பி முதலில் யாருக்காகக் கும்பிடுவான்? தன்னுடைய வேண்டுதலை மறந்துவிட்டு மற்றவருடையதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால்? அவருக்கு இடுப்பு வலி தீர்ந்து, தம்பிக்குச் சோதனையில் பெயில் என்றால் யாரிடம் முறையிடுவது? இங்கே ஐந்து நிமிடம் இருக்கிறது. வேறு ஒருவர் இதே கச்சானைப் பற்றிப் பேசினாலும் உங்களுடையதோடு முட்டாது.

வசனத்தை அடுக்குவது

தமிழில் வினை கடைசியில் வருகிறது. பகிடிக்கு இது ஒரு தொல்லை. சிரிப்பு வரவேண்டிய சொல் நடுவில் விழுந்துவிட்டால், அதற்குப் பின்னால் வருகிற ‘இருந்தது’, ‘செய்தார்கள்’ எல்லாம் சனம் சிரிக்கிற நேரத்தில் குறுக்கே நிற்கும். சனம் உங்களை மரியாதையாகக் கேட்டு முடிக்கும். சிரிப்பு அதற்குள் போய்விடும்.

‘லண்டனில் இருந்து வந்த மாமாவின் பெட்டியில் நாங்கள் போன வருடம் அனுப்பிய மிளகாய்த்தூள்தான் பாதியாக இருந்தது.’ இதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘மாமா லண்டனில் இருந்து வந்தார். முப்பது கிலோ பெட்டி. வீட்டுக்காரர் எல்லோரும் சுற்றி இருக்கிறோம். திறந்தார். பாதி சொக்லேட். மற்றப் பாதி, போன வருடம் நாங்கள் அனுப்பிய மிளகாய்த்தூள்.’ வினையை விட்டுவிட்டோம், சொல்லைக் கடைசிக்குத் தள்ளினோம், அவ்வளவுதான். சிரிப்பு அடங்கப் போகிற நேரத்தில் ஒரு வால் போடலாம்: ‘அம்மா மணந்து பார்த்துவிட்டுச் சொன்னா, இது பெரியம்மாவுக்கு அனுப்பினதெல்லோ.’ வால் நீளமாகக் கூடாது. ஒரு பகிடிக்கு மூன்று வால் கிடைத்தால், ஒவ்வொரு மேடையிலும் ஒன்றை மாற்றிப் போடுங்கள். பழைய பகிடிக்கு ஒரு வருடம் கூடுதலாக ஆயுள் கிடைக்கும்.

சொல்லிப் பார்ப்பது

அமெரிக்கக் கலைஞர் கிறிஸ் ரொக் பெரிய அரங்குகளை நிரப்புகிறவர். ஆனாலும் புதுச் சுற்றுப் பயணத்துக்கு முன் சின்னக் கிளப்புகளுக்குக் கையில் குறிப்போடு போய், பாதி வெந்ததைச் சொல்லிப் பார்ப்பார். பல வரிகள் அங்கே விழுந்துவிடும். விழட்டும் என்றுதான் அங்கே போகிறார். சைன்ஃபெல்ட் 1998 இல் தன்னுடைய பழைய பகிடிகள் எல்லாவற்றையும் கடைசி முறையாகச் சொல்லி, அவற்றுக்குச் செத்தவீடு நடத்துவது போல ஒரு காட்சியும் எடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பத் தொடங்கினார். உலகம் முழுக்கத் தெரிந்த மனிதர், சின்ன அறையில் ஐந்து நிமிடப் புதுச் சரக்கோடு நின்று அடுத்த வரி மறந்து தடுமாறுவதை 2002 இல் வந்த ஆவணப்படத்தில் பார்க்கலாம்.

எங்களுக்குச் சின்னக் கிளப் எது? சனசமூக நிலையத்தின் கூட்டம், விளையாட்டுக் கழகத்தின் மாதக் கூட்டம், பிறந்தநாள் வீடு, ரியூசன் கொட்டிலில் ஆசிரியர் தினம். பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் பிந்துகிற அரை மணித்தியாலம் தங்கமான நேரம். அறிவிப்பாளரிடம் முதலே சொல்லி வையுங்கள், அவரே உங்களைக் கும்பிட்டுக் கூப்பிடுவார். அதுவும் கிடைக்காவிட்டால் ஆறு பேரைச் சேர்த்து ஒரு அறையில் இருத்துங்கள். அதில் இரண்டு பேர் உங்களைவிட இருபது வயது மூத்தவர்களாக இருக்கவேண்டும். கூட்டாளிகள் மட்டும் இருக்கிற இடத்தில் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள், அது கணக்கில் வராது.

புதியதை முதலில் வைக்கக்கூடாது, கடைசியிலும் வைக்கக்கூடாது. தேறிய பகிடி ஒன்றோடு தொடங்கி, நடுவில் புதியதைச் சொருகி, தேறிய இன்னொன்றோடு இறங்குங்கள். நடுவில் விழுந்தாலும் ஆள் விழமாட்டார். ஒவ்வொரு முறையும் போனைச் சட்டைப் பையில் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய்க் கேட்கும்போது உங்கள் குரலைக் கேட்கவேண்டாம், சனத்தைக் கேளுங்கள். எங்கே கதிரை அரக்குகிற சத்தம், எங்கே பிள்ளைகளின் சத்தம், எங்கே சிரிப்பு எதிர்பாராத சொல்லில் வந்தது என்று குறியுங்கள். எதிர்பாராத சொல்லில் சிரிப்பு வந்திருந்தால் பகிடி அங்கேதான் இருக்கிறது, நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை.

கோயில் வீதியில் திறந்த வெளியில் செய்வதாக இருந்தால் ஒரு விஷயம். சிரிப்பு ஒட்டிப் பரவுகிற பொருள். கதிரைகள் நெருக்கமாக இருந்தால் பத்துப் பேர் சிரித்தால் நூறு பேர் சிரிப்பார்கள். தள்ளித் தள்ளி இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் கிடக்கிற வெறுமணலைச் சவுண்ட்காரரோடு சேர்ந்து நீங்களே குறைத்து விடுங்கள். வெளிநாட்டுக் கொமடி அறைகள் கூரை தாழ்ந்து இடுக்கமாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

எங்கே எதைச் சொன்னோம்

கொப்பியின் பின்பக்கத்தில் இருந்து ஒரு பதிவு தொடங்குங்கள். தேதி, ஊர், யார் அழைத்தது, என்ன நிகழ்ச்சி, எந்தெந்தப் பகிடி. முல்லைத்தீவு மாவட்டத்துக்கு ஒரு பக்கம், கிளிநொச்சிக்கு ஒன்று, வவுனியாவுக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று என்று பிரிப்பது வசதி. ஆனால் ஊரை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இங்கே சனம் உறவாலும் பிணைந்திருக்கிறது. மல்லாவியில் நடக்கிற கலியாணத்துக்குப் புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு பஸ் வரும். ஆகையால் அழைப்பு வரும்போதே ‘மாப்பிள்ளை பகுதி எவ்விடம், பொம்பிளை பகுதி எவ்விடம்’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு நீங்கள் மரியாதை தெரிந்த பிள்ளை என்று படும், உங்களுக்குப் பட்டியலும் சரிவரும்.

இப்போது கடினமான பகுதி. பட்டியலில் ஒரு பகிடி எந்த மேடையிலும் விழாமல் ஓடுகிறது என்றால், அதற்கு முடிவுத் தேதி போடுங்கள். ஜோர்ஜ் கார்லின் 1977 இல் இருந்து 2008 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக 14 தனி நிகழ்ச்சிகள் செய்தார். ஒன்று ஒளிபரப்பானதும் அந்தச் சரக்கை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எழுதப் போய்விடுவார். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் 1947 இல் இருந்து ஓகஸ்ட் மாதங்களில் நடக்கிற கலை விழா இதையே ஒரு வழக்கமாக்கி வைத்திருக்கிறது. அங்கே போகிற பிரித்தானியக் கலைஞர்களில் கனபேர் வருடா வருடம் புதிதாக ஒரு மணித்தியாலம் எழுதிக்கொண்டுதான் போவார்கள். எங்களுக்கு ஒரு மணித்தியாலம் அதிகம். வருடத்துக்கு இருபது நிமிடம் புதிது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

சில பகிடிகள் தாங்களாகவே காலாவதியாகும். 2022 பெற்றோல் வரிசையும் கியூஆர் அட்டையும் அந்த நேரம் கதைத்து முடியாத விஷயங்கள். வரிசையில் நின்றே கலியாணம் பேசி முடித்தவர்கள், சைக்கிளைத் தேடிப் பரணில் ஏறியவர்கள் என்று ஆளாளுக்குக் கதை இருந்தது. 2023 இல் கியூஆர் முறை நின்றதோடு அந்தப் பகிடிகளின் காற்றும் போனது. ஆனால் உள்ளே இருந்தது பெற்றோல் மட்டுமா? வரிசை என்றால் எங்கள் சனத்துக்கு ஒரு குணம் வருகிறது. முன்னுக்கு நிற்பவர் தெரிந்தவரா என்று பார்ப்பது, ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வருவது. அந்தக் குணத்தை எடுத்துக்கொண்டு அஸ்வெசும உதவித்தொகை வரிசைக்கோ ஆஸ்பத்திரி நம்பருக்கோ போகலாம். செய்தியை விடுங்கள், குணத்தை வைத்திருங்கள்.

‘அண்ணை, அந்த மாமா பகிடியைச் சொல்லுங்கோ’ என்று கீழே இருந்து கேட்பார்கள். அப்போது என்ன செய்வது? கலைஞர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. என்னைக் கேட்டால், சொல்லலாம், ஆனால் கடைசியில், அதுவும் ஒரு புது வாலோடு. பாட்டுக் கச்சேரியில் பழைய பாட்டைத் திரும்பக் கேட்பது இன்பம். பகிடியில் முடிவு தெரிந்துவிட்டால் பாதி போய்விடும். மிச்சப் பாதி உங்கள் முகத்திலும் நடையிலும் இருந்தால் மட்டும் அது தாங்கும்.

வயதோடு போவது

இருபது வயதில் அப்பாவைப் பற்றிப் பகிடி சொல்வீர்கள். ஓ.எல். பெறுபேறு வந்த அன்று அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் மண்வெட்டியை எடுத்து உங்கள் கையில் தந்த கதை. நாற்பது வயதிலும் அதே கதையை மகனாக நின்று சொன்னால் சனத்துக்கு உறுத்தும். இப்போது நீங்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள், மகன் போனில் இருந்து தலையைத் தூக்காமல் ‘வையுங்கோ அப்பா, பிறகு பாக்கிறன்’ என்கிறான். கதை ஒன்றுதான், நிற்கிற இடம் மாறிவிட்டது. பழைய கொப்பியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். கைவிட்ட பகிடியில் இருக்கிற வசனம் செத்துப்போகும், சம்பவம் சாகாது.

கார்லின் ஆரம்பத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுத் தொலைக்காட்சிக்கு ஏற்ற பிள்ளையாக இருந்தவர். 1970 அளவில் முடியை வளர்த்து, தான் உண்மையில் நினைப்பதைப் பேசத் தொடங்கினார். முதலில் சில இடங்களில் வேலையும் போனது. பிறகுதான் அவர் பெயர் நிலைத்தது. 2008 இல், 70 வயதில் செய்த கடைசி நிகழ்ச்சியில் முதுமையையும் செத்தவீட்டில் சனம் சொல்கிற சம்பிரதாய வார்த்தைகளையும் பிடித்துக்கொண்டார். சில மாதங்களில் அவரும் போய்விட்டார். ஜோன் ரிவர்ஸ் 2014 இல் 81 வயதில் இறக்கும் வரை சின்ன அரங்குகளில் புதுச் சரக்கைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வருடத்துக்கு ஒரு முறை கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, போன வருடம் நம்பி இந்த வருடம் நம்பாதவை எவை என்று எழுதிப் பாருங்கள். வெளிநாடு போவதுதான் வழி என்று நினைத்தீர்கள், இப்போது இல்லை. கமம் செய்கிறவன் தப்பமாட்டான் என்று நினைத்தீர்கள், இப்போது நீங்களே நெல் காய விட்டுக்கொண்டு மழையைப் பார்த்து நிற்கிறீர்கள். மனம் மாறிய இடத்தில் எப்போதும் ஏதாவது கிடைக்கும்.

வலி இருக்கிற இடம்

2012 ஓகஸ்டில் ரிக் நொட்டாரோ என்ற பெண் கலைஞர் லொஸ் ஏஞ்சலிஸில் மேடையேறி, வணக்கம் சொன்ன கையோடு தனக்குப் புற்றுநோய் என்று அறிவித்துவிட்டு, அதையே அரை மணித்தியாலம் பேசினார். நோய் தெரியவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சனம் சிரித்தது, ஏனென்றால் அது அவருடைய நோய்.

வன்னியில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகமுடியாது. 2009 இறுதிப் போரைக் கடந்து வந்த சனம் உங்கள் முன்னால் இருக்கிறது. பங்கரையும் செட்டிகுளம் முகாமின் தண்ணி வரிசையையும் பற்றி அவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிற கதைகள் எத்தனையோ உண்டு. அவற்றைக் கேட்ட எவரும் வன்னிச் சனத்துக்குப் பகிடி தெரியாது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் சொல்வதை நீங்கள் மைக்கில் சொல்ல உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. உங்களுக்கு நடந்தது என்றால் சொல்லுங்கள். சிரிப்பு உங்கள் முட்டாள்தனத்தின் மேலோ, அதிகாரம் வைத்திருந்தவர்களின் கோணல் மேலோ விழட்டும். இறந்தவர் மேலும், தேடிக்கொண்டிருப்பவர் மேலும் விழக்கூடாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் இருந்த ஒரு அம்மா உங்கள் கூட்டத்தில் இருக்கலாம். போர் முடிந்த வைகாசி மாதத்தில் இந்தப் பக்கமே போகவேண்டாம். அந்த மாதம் எங்கள் மாவட்டங்களில் எந்தப் பகிடியும் பாரமாகத்தான் இருக்கும், வட்டாப்பளைப் பொங்கலுக்கு அழைத்தால்கூட மெல்லியதாகச் செய்யுங்கள்.

மதத்தைத் தொடுவதில் சட்டமும் இருக்கிறது. 2023 மே மாதம் நட்டாஷா எதிரிசூரிய என்ற சிங்களக் கலைஞர் ஒரு நிகழ்ச்சியில் பௌத்தத்தைப் பற்றிப் பேசியதற்காக, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கிற ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள்) சட்டத்தின் கீழ் கைதாகி, ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்து, ஜூலையில்தான் பிணையில் வந்தார். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் அது. பகிடிதானே என்பது அங்கே எடுபடவில்லை. எங்கள் மேடைகளில் சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் கலந்து இருப்பார்கள். முறிகண்டியில் நான் மேலே பிள்ளையாரைப் பகிடி பண்ணவில்லை, இருபது ரூபாய் கொடுத்தவரைத்தான் பண்ணினேன். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

காணொளி

டிக்டொக்கிலும் யூடியூபிலும் போட்டால் ஆள் பெயர் எடுக்கலாம், உண்மை. தமிழ்நாட்டில் அலெக்சாண்டர் பாபு பாட்டையும் பகிடியையும் கலந்து செய்த நிகழ்ச்சி 2019 இல் அமேசான் பிரைமில் வந்த பிறகுதான் கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கும் அவரைத் தெரிந்தது. ஆனால் அவர் போட்டது பல மேடைகளில் பழுத்த சரக்கு. நீங்கள் நேற்று எழுதியதை இன்று போட்டால் அது பழுக்காது, திரும்பச் சொல்லவும் முடியாது. கைவிட முடிவுசெய்த பகிடியை மட்டும் காணொளியாக்குங்கள். மேடையில் ஒன்றரை வருடம் ஓடியதும் வழியனுப்பி வைக்க அது நல்ல இடம். கூட்டத்தில் போன் தூக்குகிறவர்களிடம் தொடக்கத்திலேயே சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாடுகளில் போனை உறையில் போட்டுப் பூட்டித் தருகிறார்கள், இங்கே அது நடக்காது.

முதல் வருடம்

வன்னியின் மேடைக் காலம் மழையோடும் வயலோடும் போகிறது. ஐப்பசியில் மழை தொடங்கிக் காலபோக விதைப்பு வந்துவிட்டால் நிகழ்ச்சிகள் குறையும். அதைச் சோர்வுக் காலமாக விடாமல் கொப்பியை நிரப்பும் காலமாக வையுங்கள். கார்த்திகையில் சேர்த்ததை மார்கழியில் ஆறு பேருக்குச் சொல்லிப் பாருங்கள். தை மாதம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிப் பேச்சுத் தொடங்கும், அறிவிப்பாளருக்கு உதவியாகப் போய் மைக்கைப் பிடித்துப் பழகுங்கள். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும்போது கலியாணமும் கழக விழாவும் வரும். ஆடி, ஆவணியில் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் மாமாவின் பெட்டிப் பகிடியைச் சொல்வதற்கு முதல் ஒருமுறை யோசியுங்கள்: அழைத்ததும் காசு தருவதும் அந்த மாமாவாக இருக்கலாம். சொன்னால், மிளகாய்த்தூளை அனுப்பிய எங்களையும் சேர்த்து அடியுங்கள்.

அழைப்பு வந்தால் எத்தனை நிமிடம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, ஜெனரேற்றர் இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். சாப்பாட்டு நேரத்தில் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள், சோற்றுக் கோப்பையோடு போட்டி போட்டு வென்ற கலைஞர் கிடையாது. பத்து நிமிடம் தந்தால் எட்டில் இறங்குங்கள். இறங்கியதும் யாரிடமும் ‘எப்படி இருந்தது’ என்று கேட்காமல், தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உங்களுடைய எந்த வரியை அவர்கள் பிழையாகத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பிழையாகச் சொல்வது சிலவேளை உங்களுடையதைவிட நன்றாக இருக்கும், அதையும் கொப்பியில் எழுதுங்கள், தேதியோடு.